டி.என்.ஏ.வால் கட்டிய பெட்டியைத் திறக்கச் சொல்வது யார்?

உசிலம்பட்டி பக்கமிருந்து, பி.எஸ்சி. முதலாண்டு உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "அக்கா, டி.என்.ஏ.வை வைத்து நானோ அளவில் பெட்டி, கதவு, ரோபோ எல்லாம் கட்டுகிறார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். சுற்றுப்புறத்தைப் பார்த்து அதுவே திறக்குமாம், அதுவே மூடுமாம். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. அப்புறம் அதற்கு எப்படித் தெரிகிறது? மதுரையில் இருந்துகொண்டு இதையெல்லாம் செய்து பார்க்க முடியுமா?"

தம்பி, மதுரைக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். "எப்படித் தெரிகிறது" என்றால், அதற்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் பதில். இப்போது பிடித்திருக்கும் கையைவிட நல்ல பிடி ஒன்று பக்கத்தில் வந்தால், பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்ளும். திறப்பது, மூடுவது, நடப்பது எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரே விஷயத்தின் பல வேஷங்கள்.

அதைப் பார்ப்பதற்கு முன், மரபணு என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு. இந்த வேலையில் டி.என்.ஏ. எந்தப் பண்பையும் யாருக்கும் கடத்துவதில்லை. அது வெறும் கட்டுமானச் சாமான். மூங்கில், கயிறு, ஆணி மாதிரி.

சாமானாகப் பார்த்தால் அது எவ்வளவு வசதியானது என்று பார். இரட்டை இழையின் தடிமன் 2 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). ஏணியில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 0.34 நானோமீட்டர். ஏறக்குறைய பத்தரைப் படிக்கு ஒரு முழுச் சுற்று. இந்த அளவுகள் மாறாமல் இருப்பதால்தான் காகிதத்தில் கணக்குப் போட்டே கட்ட முடிகிறது. அதோடு, இரட்டை இழை சுமார் 50 நானோமீட்டர் நீளம் வரை அவ்வளவாக வளையாமல் விறைப்பாக நிற்கும். ஒற்றை இழையோ ஈர நூல் மாதிரி துவளும். ஆக, குச்சியும் நூலும் ஒரே கடையில் கிடைக்கிற மாதிரி. இரண்டு குச்சிகளுக்கு நடுவில் நாலைந்து எழுத்துக்கு (ஏணிப் படியில் இருக்கும் ஏ, டி, ஜி, சி என்ற வேதித் துண்டுகளைத்தான் எழுத்து என்கிறோம்) மட்டும் ஒற்றை இழையாக விட்டால் அதுவே கீல். கதவு பாதி முடிந்தது.

ஏ வந்தால் எதிரில் டி, ஜி வந்தால் சி என்பது உனக்குத் தெரிந்ததுதான். இருபது எழுத்து நீள இழைக்கு ஒரு லட்சம் கோடிக்கும் மேலான வார்த்தைகள் எழுதலாம். எந்த வார்த்தை எந்த வார்த்தையோடு ஒட்டும் என்பது முன்கூட்டியே தெரியும். இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் இந்தக் குணம் கிடையாது. ஒவ்வொரு துண்டுக்கும் தன் விலாசம் தெரிந்த சாமான் இது ஒன்றுதான் என்று சொன்னால் பெரிய மிகை இல்லை.

இதை முதலில் கட்டுமானமாகப் பார்த்தவர் நேட்ரியன் சீமன் என்ற அமெரிக்கப் படிகவியல் ஆய்வாளர். அவருடைய தலைவலி வேறு: படிகமாகாமல் அடம்பிடிக்கும் மூலக்கூறுகளை ஒழுங்காக வரிசைப்படுத்தி நிறுத்த ஒரு சட்டம் வேண்டும். 1980இல் ஆல்பனியில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, டச்சு ஓவியர் எஷர் வரைந்த மீன் கூட்டப் படம் ஒன்று நினைவுக்கு வந்து, டி.என்.ஏ. சந்திப்புகளை அப்படி முப்பரிமாணத்தில் அடுக்கலாமே என்று தோன்றியதாக அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1982இல் அந்த யோசனையைக் கட்டுரையாக எழுதினார். டி.என்.ஏ.வால் ஒரு கனசதுரம் கட்டிக் காட்ட 1991 ஆகிவிட்டது.

வேகம் பிடித்தது 2006இல். அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் இருந்த பால் ரோத்மண்ட், எம்13 என்ற வைரஸின் 7,249 எழுத்து நீள ஒற்றை இழையை எடுத்துக்கொண்டார். அது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், நம்மை ஒன்றும் செய்யாது. அதோடு இருநூற்றுச் சொச்சம் குட்டி இழைகளைச் சேர்த்தார். ஸ்டேபிள் இழை என்று பெயர். ஒவ்வொரு ஸ்டேபிளும் நீள இழையின் ஓர் இடத்தை ஒரு முனையாலும், தூரத்தில் இருக்கும் வேறோர் இடத்தை மறு முனையாலும் பிடித்து இழுத்துச் சேர்க்கும். எல்லா ஸ்டேபிளும் அதனதன் இடத்தில் உட்கார்ந்ததும் நீள இழை மடங்கி, நினைத்த வடிவத்துக்கு வந்துவிடும். அவர் செய்து காட்டியதில் 100 நானோமீட்டர் அகலச் சிரிப்பு முகமும் உண்டு. காகிதம் மடிக்கும் ஜப்பானியக் கலையின் பெயரை வைத்து, இதை டி.என்.ஏ. ஓரிகாமி என்கிறார்கள்.

இதைச் சிக்குக் கோலத்தோடு ஒப்பிடுவார்கள், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வருவது வரைக்கும் சரி. ஆனால் கோலத்துக்குப் போடுகிற கை உண்டு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டுகிற அம்மாவுக்கும் கை உண்டு. இங்கே கையே இல்லை. எல்லாவற்றையும் ஒரு சின்ன பி.சி.ஆர். ட்யூபில் போட்டு, மெக்னீசியம் உப்பு சேர்த்து, 95 டிகிரிக்குச் சூடாக்கி, மெல்ல மெல்ல 20 டிகிரிக்கு ஆறவிடுகிறோம். சூட்டில் எல்லாம் பிரிந்து கிடக்கும். ஆற ஆற ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தேடி உட்காரும். தட்டை வடிவத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். அடர்த்தியான முப்பரிமாண வடிவங்களுக்கு ஆரம்ப காலத்தில் ஒரு வாரம்கூட ஆறவிட்டிருக்கிறார்கள்.

ட்யூபைத் திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் 50 மைக்ரோலிட்டரில் 10 நானோமோலார் செறிவு என்றால் உள்ளே சுமார் முப்பதாயிரம் கோடி வடிவங்கள் இருக்கும். மொத்த எடையோ இரண்டரை மைக்ரோகிராம்கூட வராது. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள், பின்னால் விலை பேசும்போது வேண்டும்.

சரி, இப்போது உன் கேள்வி. ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறியிருப்பாய். மூன்று பேர் சீட்டில் இரண்டு பேர் தாராளமாக உட்கார்ந்து, ஓரத்தில் ஒரு சாண் இடம் காலியாக இருக்கிறது. ஒருவர் ஜன்னல் வழியாக அந்த ஒரு சாணில் துண்டைப் போடுகிறார். அப்புறம் ஏறி வந்து, துண்டு கிடந்த இடத்தில் ஒட்டி உட்கார்ந்து, "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்று நகர்த்த ஆரம்பிக்கிறார். டி.என்.ஏ.வில் நடப்பதும் இதுதான். ஒரு நீள இழையின் பெரும்பகுதியில் ஏற்கெனவே ஒரு ஜோடி உட்கார்ந்திருக்கிறது. முனையில் ஆறேழு எழுத்து மட்டும் காலி. நீள இழை முழுவதற்கும் ஜோடியான புதிய இழை வந்து அந்தக் காலி முனையில் துண்டு போடுகிறது. பிறகு ஓர் எழுத்து முன்னே, ஓர் எழுத்து பின்னே என்று இருவருக்கும் தள்ளுமுள்ளு. பழையவரும் திருப்பித் தள்ளுவார், சும்மா விடமாட்டார். ஆனால் புதியவருக்குத் துண்டு போட்ட இடத்திலும் பிடி இருப்பதால், கடைசியில் பழையவர் சீட்டை விட்டு இறங்கிவிடுவார். பஸ்ஸுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே இறங்கியவரால் திரும்ப ஏற முடியாது, ஏனென்றால் அவருக்குத் துண்டு போட இடமில்லை.

அந்தக் காலி முனைக்கு டோஹோல்ட் என்று பெயர். நீ நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான் தம்பி. டோஹோல்ட் இல்லாவிட்டாலும் இந்த இடமாற்றம் நடக்கும், ஆனால் ஆமை வேகத்தில். அதையே ஆறேழு எழுத்தாக்கினால் வேகம் சுமார் பத்து லட்சம் மடங்கு கூடும். அதற்கு மேல் நீட்டினால் பெரிதாகக் கூடாது. அதாவது நாலைந்து எழுத்தைச் சேர்த்தும் எடுத்துமே ஒரு கதவு நொடியில் திறக்க வேண்டுமா, நாளைக்குத் திறக்க வேண்டுமா என்று முடிவு செய்யலாம். வேறு எந்தப் பொருளிலும் வேகத்தை இப்படி எழுத்து எண்ணி வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓரிகாமிப் படங்களைப் பார்த்து எல்லோரும் வாய் பிளக்கிறார்கள். எனக்கு அதைவிட இந்த ஆறு எழுத்துத்தான் ஆச்சரியம்.

இதை இயந்திரமாகச் செய்து காட்டியது 2000ஆம் ஆண்டில். பெர்னார்ட் யுர்க்கும் ஆண்ட்ரூ டர்பர்ஃபீல்டும் சகாக்களும் மூன்று இழையால் ஓர் இடுக்கி செய்தார்கள். ஓர் இழையை ஊற்றினால் இரு கைகளையும் சேர்த்து இழுத்து மூடும். அந்த இழையிலும் ஒரு காலி முனை விட்டிருப்பார்கள். அதற்கு ஜோடியை ஊற்றினால் அது துண்டு போட்டு மூடிய இழையை இழுத்துக்கொண்டு போய்விடும், இடுக்கி திறக்கும். பேட்டரி எங்கே என்று கேட்டாயே, ஊற்றுகிற இழைதான் பேட்டரி. ஒவ்வொரு முறையும் ஒரு ஜோடிக் குப்பை மிச்சமாகும். பத்துத் தடவை திறந்து மூடினால் ட்யூபில் குப்பை சேர்ந்து வேலை மந்தமாகும். இதைச் சாதாரணமாகச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

2009இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் மூடியோடு ஒரு பெட்டியே கட்டினார்கள். 42க்கு 36க்கு 36 நானோமீட்டர். பூட்டும் டி.என்.ஏ., சாவியும் டி.என்.ஏ. திண்டுக்கல் பூட்டுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்: இந்தச் சாவி போட்டால் திறக்கும், ஆனால் சாவி பூட்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

சாவி எப்போதும் டி.என்.ஏ.வாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சில ஒற்றை இழைகள் தாமாகச் சுருண்டு ஒரு குறிப்பிட்ட புரதத்தையோ சிறு மூலக்கூறையோ இறுகப் பிடிக்கும். ஆப்டமர் என்பார்கள். ஆப்டமரை ஓர் அரைகுறை ஜோடியோடு சேர்த்துப் பூட்டாக வைத்துவிட்டால், அந்தப் புரதம் வரும்போது ஆப்டமர் அதைப் பிடிக்கப் போய்விடும், பூட்டு கழன்றுவிடும். மறுபடியும் அதே கதை, நல்ல பிடி வந்தால் பழைய பிடி போச்சு. 2012இல் ஹார்வர்டில் டக்ளஸ், பாஷலே, சர்ச் மூவரும் அறுகோணப் பீப்பாய் ஒன்றை இப்படி இரண்டு பூட்டுப் போட்டு மூடினார்கள். இரண்டு பூட்டும் தேடும் புரதங்கள் ஒரே செல்லின் மேல் இருந்தால் மட்டும் பிளந்து, உள்ளே இருக்கும் மருந்தைக் காட்டும். 2018இல் சீனாவிலிருந்தும் அரிசோனாவிலிருந்தும் சேர்ந்த ஒரு குழு, ஓரிகாமித் தகடு ஒன்றைக் குழாயாகச் சுருட்டி, இரத்தத்தை உறையவைக்கும் திராம்பினை உள்ளே ஒளித்து, எலியின் புற்றுக்கட்டிக்குப் போகும் இரத்தக்குழாயில் மட்டும் அது விரியும்படி செய்தது. "நானோ ரோபோ புற்றுநோயைக் குணமாக்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகளுக்கு வேர் இப்படிப்பட்ட வேலைகள்தான். எலிக்கு நடந்தது எலிக்கு நடந்தது. வீட்டில் யாருக்காவது நோய் இருந்தால் இதை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

புளிப்பைப் பார்த்து மாறுவது இன்னொரு வகை. நம் வீட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது: மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவப்பாவது. காரம் ஏறியதைப் பார்த்து மஞ்சள் நிறம் மாறுகிறது. டி.என்.ஏ.வில் சி எழுத்து நிறைய இருக்கும் இழைக்கு எதிர்ப்பக்கக் குணம். அமிலம் ஏறினால் சி‑யும் சி‑யும் நடுவில் ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பங்கு போட்டுக்கொண்டு ஜோடி சேர்ந்து, நான்கு இழை முடிச்சாக மடங்கும். அமிலம் குறைந்தால் பிரிந்துவிடும். இதைக் கருவியாக்கியது யமுனா கிருஷ்ணனின் குழு, 2009இல், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில். அவர் பி.எஸ்சி. வேதியியல் படித்தது சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் என்பதை என் மாணவிகளிடம் வேண்டுமென்றே சொல்வேன். இரண்டு விறைப்பான கைகள், நடுவில் கீல், நுனிகளில் சி நிறைந்த முனைகள், ஒவ்வொரு நுனிப் பக்கமும் ஒளிரும் ஒரு சாயம். செல் எதையாவது விழுங்கினால் அது போகும் பை போகப் போகப் புளித்துக்கொண்டே வரும். கைகள் மூடும். சாயங்கள் நெருங்கி, வெளிவரும் ஒளியின் நிறம் மாறும். நுண்ணோக்கியில் அதைப் பார்த்தே அந்தப் பைக்குள் எவ்வளவு புளிப்பு என்று சொல்லிவிடலாம். முதலில் பழ ஈயின் செல்களில், இரண்டு வருஷம் கழித்து உயிருள்ள நூற்புழுவுக்குள்ளேயே அளந்தார்கள். மருந்து சுமக்கும் பெட்டியைவிட இந்த அளவுகோல்தான் எனக்குப் பிடித்தது. பெட்டி நாளைக்கு உதவலாம், இது அன்றைக்கே உதவியது.

இதுவரை சொன்னது எல்லாம் கண்ணுக்குத் தெரியாதவை. கையில் எடுக்கிற பொருளாகவும் செய்யலாம், அதற்குப் பாதாம் பிசினில் இருந்து ஆரம்பிப்போம். ஜிகர்தண்டாவுக்கு அம்மா இரவில் நாலு துண்டுப் பிசினை ஊறவைத்தால் காலையில் கிண்ணம் தளும்ப நிற்கும். உள்ளே சர்க்கரைச் சங்கிலிகளின் வலை, வலைக்குள் தண்ணீர். ஜெல் என்றால் அதுதான். ஆனால் பிசினுக்கு எந்தத் தண்ணீரும் ஒன்றுதான், குடித்தால் போதும். அந்த வலையின் முடிச்சுகளை மட்டும் டி.என்.ஏ. ஜோடிகளாகப் போட்டால்? 2017இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அதைத்தான் செய்தார்கள். ஜெல்லைச் சும்மா தண்ணீரில் போட்டால் பேசாமல் இருக்கும். சரியான எழுத்து வரிசை கொண்ட கொண்டைஊசி வடிவ இழைகளை ஊற்றினால், ஒன்று முடிச்சுக்குள் நுழைந்து தள்ளி உட்காரும். அதனால் அடுத்ததற்குத் துண்டு போட இடம் திறக்கும், அது நுழையும். இப்படி வரிசையாக நுழைந்து முடிச்சு நீண்டுகொண்டே போக, ஜெல்லின் கன அளவு நூறு மடங்கு வரை பெருத்தது. போதும் என்று நிறுத்த வேறு வகை இழை. பூ வடிவில் வெட்டி, ஓர் இதழுக்கு ஒரு வரிசை என்று வைத்தால், ஊற்றும் இழையைப் பொறுத்து எந்த இதழ் வளைகிறது என்பது மாறும். நூறு மடங்கு என்று படித்த அன்று நான் வீட்டில் பிசினை அளந்து பார்த்தேன், அதுவும் நன்றாகவே பெருக்கிறது. ஆனால் யாரைப் பார்த்துப் பெருக்க வேண்டும் என்று அதனிடம் சொல்ல வழியில்லை.

இனி சங்கடங்கள். டி.என்.ஏ. முழுக்க எதிர்மின்னேற்றம். இத்தனை இழைகளை நெருக்கி அடுக்கினால் ஒன்றையொன்று தள்ளும். இடையில் மெக்னீசியம் அயனி இருந்தால்தான் அமைதி. இதை நான் கற்றது புத்தகத்தில் இல்லை. முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், நான் வடிவமைத்த ஓரிகாமியை ஜெல்லில் ஓட்டும்போதெல்லாம் (இது வேறு ஜெல், மின்சாரம் செலுத்தி டி.என்.ஏ.வை அளவு வாரியாகப் பிரிக்கும் சோதனைக்கானது) கூர்மையான கோட்டுக்குப் பதில் பெருக்கிய வாசல் மாதிரி நீள இழுசல்தான் வந்தது. வடிவமைப்பு தப்பு என்று நினைத்து இரண்டு வாரம் ஸ்டேபிள்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், ஆறவைக்கும்போது மெக்னீசியம் போட்டவள் ஜெல்லுக்கும் அதை ஓட்டும் கரைசலுக்கும் போடவில்லை. போதாததற்கு அந்தக் கரைசலில் இருந்த ஈ.டி.டி.ஏ., கூட வந்த மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டியதை நானே ஒவ்வொரு நாளும் கரைத்திருக்கிறேன். இன்னொன்று, மெக்னீசியம் போட்ட ஜெல் ஓடும்போது சூடாகும். சித்திரை மாத மதுரையில் கேட்கவே வேண்டாம். தெர்மோகோல் பெட்டியில் உடைத்த ஐஸைக் கொட்டி, அதற்குள் ஜெல் தொட்டியை வைத்து ஓட்டினோம். அன்றைக்குத்தான் ஒற்றைக் கோடு வந்தது.

உடம்புக்குள் சங்கடம் இன்னும் கூட. இரத்தத்தில் மெக்னீசியம் ரொம்பக் குறைவு, டி.என்.ஏ.வைக் கடித்துத் துண்டாக்கும் என்சைம்களோ நிறைய. சும்மா அனுப்பினால் பல வடிவங்கள் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். அதனால் மேலே பாலிமர் பூச்சு பூசி அனுப்புகிறார்கள். அப்புறம் விலை. இரண்டரை மைக்ரோகிராமுக்கு முப்பதாயிரம் கோடி வடிவங்கள் என்றேன். ஒரு மருந்து வேளைக்கு மில்லிகிராம் கணக்கில் வேண்டுமென்றால், எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கும் செயற்கை இழை கட்டுப்படியாகாது. 2017இல் மியூனிக்கில் ஸ்டேபிள்களையும் வைரஸ் மூலமாகப் பாக்டீரியாவிலேயே வளர்த்தெடுக்க ஒரு வழி காட்டினார்கள். அந்தப் பக்கம்தான் விலை இறங்கும் என்று நினைக்கிறேன்.

மதுரையில் செய்ய முடியுமா என்றால், முடியும், ஓரிகாமியில் ஆரம்பிக்காவிட்டால். வடிவமைக்கும் மென்பொருள் கேட்நானோ இலவசம். இழைகள் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணக்கிடும் நூபேக் இணையத்தில் இருக்கிறது. வடிவத்தைப் படம் பிடிக்க அணுவிசை நுண்ணோக்கியோ எலக்ட்ரான் நுண்ணோக்கியோ வேண்டும், அது எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. ஆனால் பஸ் சீட்டுக் கதையை நிரூபிக்க அது தேவையே இல்லை. பி.சி.ஆர். இயந்திரம், ஜெல் தொட்டி, ஜெல்லைப் பார்க்கும் விளக்கு, இவை உங்கள் துறையிலேயே இருக்கக்கூடும். 46 எழுத்தில் ஒரு நீள இழை. அதில் 40 எழுத்தை மூடும் ஒரு ஜோடி. முழு 46க்கும் ஜோடியான ஒரு புதியவர். அப்புறம் துண்டு போட முடியாத, 40 எழுத்து மட்டுமே உள்ள இன்னொரு புதியவர். அவர்தான் முக்கியம், அவர் இல்லாவிட்டால் உன் சோதனை எதையும் நிரூபிக்காது. அவரை முனையில் ஒளிரும் சாயத்தோடு வாங்கு, உள்ளே நுழைந்தாரா என்று அப்போதுதான் தெரியும். முதல் புதியவருக்கும் அதே சாயம். இரண்டு ட்யூப், பத்து நிமிடம், பக்கத்துப் பக்கத்துக் குழியில் ஓட்டு. ஒன்றில் சாயம் ஜோடியோடு சேர்ந்து மேலே நிற்கும், மற்றதில் பெரும்பாலும் தனியாகக் கீழே ஓடியிருக்கும்.

இழைகளை ஆர்டர் போடும் முன் ஒன்று. ஜோடி இழை எதிர்த்திசையில் ஓடும், அதனால் எழுத்துக்களை மாற்றி எழுதினால் மட்டும் போதாது, வரிசையைத் தலைகீழாகத் திருப்பவும் வேண்டும். எழுதி முடித்து இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல். என் வகுப்பில் அநேகமாக வருஷத்துக்கு ஒருவராவது திருப்ப மறந்து, ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாத இரண்டு இழைகளைக் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள்.